ஞாபகார்த்தக் கட்டில்

அத்தியாயம் ஆறு

கட்டில் களவு போகாது. நகை போகும், மோட்டார் சைக்கிள் போகும், ஆடு போகும். இரண்டு பேர் பிடித்து மூச்சு வாங்கத் தூக்க வேண்டிய இரும்புக் கட்டில், அதுவும் ஒன்றல்ல, பதினொன்று, ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறதென்றால் எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

பிரகலாதன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. வங்கியில் கணக்குப் பரிசோதகராக இருந்து வெளியேறிய பிறகு அவர் பார்த்த கணக்குகள் எல்லாம் கோயில், சங்கம், அநாதை இல்லம். நல்ல காரியத்துக்கென்று சேர்த்த காசு. அந்தக் காசுதான் அதிகம் நாறும்.

புத்தூரில் 'அருகணை' என்ற நோயாளர் உதவி மையம் ஒரு பழைய வீட்டின் முன்னறையிலும் பின் கொட்டிலிலும் நடந்தது. படுக்கையில் விழுந்தவர்களின் வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவார்கள். தலைப்பக்கம் உயர்த்தக்கூடிய கட்டிலை இரவலாகக் கொடுப்பார்கள். நோயாளி இறந்தால் கட்டிலைத் திருப்பி எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். காசு லண்டனில் இருக்கும் ஓர் ஒன்றியத்திடமிருந்து வந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைப்பக்கத்திலும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும்: 'அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக, பிள்ளைகள், லண்டன்.'

ஒன்றியத்தின் செயலாளர் சுதாகரன் இரண்டு கிழமை விடுமுறையில் வந்தவர், கட்டில்களைப் பார்க்க ஆசைப்பட்டார். புதிதாக வாங்கியவை இருந்தன. பழையவை பதினொன்றைக் காணவில்லை. களஞ்சியத்துக்குப் பொறுப்பு கஜந்தினி என்ற தாதி. ஆகவே கள்ளி கஜந்தினி. சுதாகரனுக்கு அவ்வளவு போதும். விசாரணை முடியும்வரை ஒரு கட்டிலும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார். நாளை அவருக்கு விமானம். இன்று பின்னேரம் பொலிஸில் முறைப்பாடு. அதற்கு முன்னால் பிரகலாதனின் அறிக்கை வேண்டும். "சும்மா ஒரு போர்மாலிற்றி" என்று தொலைபேசியில் சொன்னார்.

கஜந்தினி அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"கட்டில் வெளியாலை போகேக்கை ஆர் பொறுப்பு?" பிரகலாதன் கேட்டார்.

"நான்தான் சேர்."

"திரும்பி வரேக்கை?"

"அதுவும் நான்தான். வந்தால்தானே பொறுப்பெடுக்கலாம்."

வாசற்படியில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த றெஜினா சிரித்தாள். "பாத்தியளே அண்ணை, கள்ளி எண்டால் இப்பிடிக் கதைக்க மாட்டாள். கள்ளிக்கு மறுமொழி நீளமா வரும்."

றெஜினா குருநகர்க்காரி, கத்தோலிக்கப் பெண். சொந்த ஓட்டோ. முழங்கால் பிடிப்பால் மோட்டார் சைக்கிளைக் கைவிட்ட பிரகலாதனை ஏற்றி இறக்க வந்தவள், இரண்டாவது வழக்கோடு உதவியாளர் ஆகிவிட்டாள். அவர் அவளை நியமிக்கவில்லை. அவள் போகவில்லை.

"செத்தவீட்டிலை எப்ப போய்க் கட்டிலைக் கேப்பியள்?"

"உடனை எப்பிடிச் சேர் கேக்கிறது? சனம் அழுதுகொண்டு நிக்கும். முப்பத்தொண்டாம் நாள் காரியம் கழியட்டும், பிறகு போ எண்டு பெரிய மிஸி சொல்லியிருக்கிறா."

பெரிய மிஸி என்பது கனகாம்பிகை. ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து இளைப்பாறி, இந்த மையத்தைத் தொடங்கியவர். உள்ளே நோயாளி ஒருவரின் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் கேட்டது.

"முப்பத்தொண்டு கழியப் போனால்?"

"'அது போயிட்டுது பிள்ளை' எண்டுவினம். நிலத்தைப் பாப்பினம். தேத்தண்ணி தருவினம். அதுக்கு மேலை எப்பிடிக் கேக்கிறது?"

"ஒண்டும் வரேல்லையோ?"

"வந்ததும் இருக்குச் சேர். குருநகரிலை யாகப்பு அண்ணையின்ரை வீடு. அவையளே லான்ட்மாஸ்ரர் மெசின் பிடிச்சுப் பெட்டியிலை ஏத்தி விட்டவை. பாசையூரிலை லூர்த்தம்மாவின்ரை வீடு. இளவாலையிலை ஒண்டு, நாவாந்துறையிலை ஒண்டு."

றெஜினாவின் கை கச்சான் கடதாசிச் சரையில் நின்றது. "அட. வந்த கட்டில் முழுக்க எங்கடை ஆக்களின்ரை வீட்டாலை. எழுதுங்கோ அண்ணை: வேதக்காரர் நேர்மையான சனம்."

"உன்ரை தமையன் வாங்கிக்கொண்டு போன என்ரை ஏணி எங்கை?"

"அவன் போன வருசம் அல்லேலூயா சபைக்கு மாறிட்டான். எங்கடை கணக்கிலை வரான்."

பிரகலாதன் கஜந்தினியைப் பார்த்தார். "வராத கட்டில்?"

"புத்தூர், அச்சுவேலி, கோப்பாய், உரும்பிராய்..."

"எல்லாம் சைவ வீடு."

அவள் யோசித்தாள். "ஓம் சேர்."

அவர் எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. கொட்டிலை எட்டிப் பார்த்தார். ஒரு புதுக்கட்டில் சுவரோடு நின்றது. பெயின்ற் மணந்தது. தலைப்பக்கத் தகட்டில் சுதாகரனின் தாயாரின் பெயர்.

"கீரிமலைக்கு விடு" என்றார்.

"குளிக்கவோ?"

"அந்தியேட்டி பாக்க."

"ஆர் செத்தது?"

"கட்டில்."

ஓட்டோவின் இரைச்சலில் அவர் முன்சீட்டை நோக்கிக் கத்த வேண்டியிருந்தது. "உங்கடை ஆக்கள் செத்தால் முப்பத்தொண்டிலை பூசை குடுப்பியள், சாப்பாடு குடுப்பியள். கட்டில் இருந்த இடத்திலை இருக்கும். எங்கடை ஆக்கள் முப்பத்தொண்டிலை கீரிமலைக்குப் போவினம். செத்தவருக்குப் போற வழியிலை தேவை எண்டு குடை, செருப்பு, பாய், கட்டில் எல்லாம் கிரியை செய்யிற ஐயாவுக்குத் தானம் குடுப்பினம்."

"இரும்புக் கட்டிலோ? சுத்திற கைபிடியோடையோ?"

"தானத்துக்கு எண்டே கடையிலை பலகைக் கட்டில் விக்கும். ஆனா வீட்டிலை செத்தவர் படுத்த கட்டிலே நிக்குது. அதிலை இனி அந்த வீட்டிலை ஒருத்தரும் படுக்க மாட்டினம். பிறகு ஆர் காசு குடுத்துப் பலகைக் கட்டில் வாங்கிறது?"

றெஜினா ஒரு மாட்டுக்கு விலகினாள். "அப்ப இந்தப் பிள்ளை முப்பத்தொண்டு கழியப் போய்க் கேக்கேக்கை..."

"கட்டில் அந்தியேட்டியண்டே போயிட்டுது. இரவல் கட்டிலைத் தானம் குடுத்திட்டம் எண்டு ஆர் வாயாலை சொல்லுவினம்? நிலத்தைத்தான் பாப்பினம்."

"மரியாதை பாத்தே பதினொரு கட்டில். மரியாதை தெரியாத ஒராளை வேலைக்கு வைச்சிருக்கலாம். நான் சும்மாதானே இருக்கிறன்."

கீரிமலையில் காலைக் கிரியைகள் முடிந்திருந்தன. கேணிப் பக்கம் பிள்ளைகள் குதிக்கும் சத்தம். மடத்தின் பின்பக்கம் ஒரு குருக்கள் வெற்றுடம்போடு நின்று தானப் பொருட்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். குடைகள் ஒரு குவியல். செருப்புகள் இன்னொன்று. எல்லாம் புதிது, எல்லாம் ஒரே அளவு.

"தலைப்பக்கம் சுத்தி உயத்திற கட்டில் தானமா வாறதோ ஐயா?"

"வரும். என்னெண்டு வேண்டாம் எண்டிறது? அப்பா கடைசியாப் படுத்தது எண்டு பிள்ளையள் அழுதுகொண்டு தருவினம்."

"வைச்சிருக்கிறியளோ?"

"எனக்கு வீட்டிலை இரண்டு அறை தம்பி. ஒண்டிலை குடை. மற்றதிலை நாங்கள்." அவர் முகத்தைத் துடைத்தார். அவருக்கும் தூக்கம் போதாது போலிருந்தது. "சுன்னாகத்துக் கிறிஸ்துநாயகம் லொறியோடை வருவார். பத்தாயிரம் தருவார். கொஞ்சம் கூடக் கேட்டால் துருவைக் காட்டுவார்."

"அதிலை ஒரு பித்தளைத் தகடு இருக்குமே?"

"இருக்கும். செத்தவற்றை பேர் இல்லை, வேறை ஆரோ அமரர். ஒருக்கால் கேட்டனான், இதார் எண்டு. லண்டன் சொந்தம் எண்டு சொல்லிச்சினம். நானும் அவருக்கும் சேர்த்து ஒரு மந்திரம் சொன்னனான்."

திரும்பி நடக்கும்போது றெஜினா கைகளைத் தட்டிக்கொண்டாள். "கேஸ் முடிஞ்சுது. கள்ளர் ஒருத்தரும் இல்லை. சுதாகரன் சேருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போட்டு ரோல்ஸ் சாப்பிடுவம்."

"ஐயா விக்கிற கட்டில் எங்கை போகுது?"

"எங்கையாவது போகட்டும் அண்ணை. பசிக்குது."

"கொட்டிலிலை நிண்ட புதுக்கட்டில் பெயின்ற் மணந்தது. தொழிற்சாலையிலை சூடாக்கிப் பூசின பெயின்ற் மணக்காது. தூரிகையாலை அடிச்சது மணக்கும்."

றெஜினா ஓட்டோவை எடுத்தாள். "உங்களோடை வேலை செய்தால் சாப்பாட்டு நேரத்திலைதான் மூளை வேலை செய்யுது. எனக்கில்லை, உங்களுக்கு."

கிறிஸ்துநாயகத்தின் கடை சுன்னாகத்தில் ஒரு தகரக் கொட்டகை. பெனியனோடு குந்தியிருந்து ஒரு கட்டிலை மண்கடதாசியால் உரஞ்சிக்கொண்டிருந்தார். மேலே வெள்ளை. உரஞ்சிய இடத்தில் நீலம். நீலத்துக்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே இன்னொரு நீலம்.

பிரகலாதன் குனிந்து தலைப்பக்கத்தைத் தடவினார். புட்டி அடைத்த சின்ன ஓட்டைகள், சோடி சோடியாக, ஒன்றின் கீழ் ஒன்று. நாலு சோடி.

"ஒரு தகட்டுக்கு ஒரு சோடி ஆணி" என்றார்.

றெஜினா எண்ணினாள். "அப்ப நாலு வீட்டு அமரர் ஒரே கட்டிலிலையோ? லண்டனிலை இடம் காணாது எண்டு தெரியும். இஞ்சையுமோ?"

கிறிஸ்துநாயகம் கடதாசியைக் கீழே வைத்தார். "நீங்கள் ஆர்?"

"பயப்பிடாதேங்கோ, இன்கம்ராக்ஸ் இல்லை" என்றாள் றெஜினா. "அவையள் ஓட்டோவிலை வரமாட்டினம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் பிறகு மறைப்பது கஷ்டம். பிரகலாதன் அந்த இடைவெளியில் நுழைந்தார்.

"இதை ஆர் வாங்கிறது?"

"ஒராள்தான். ஒரு அக்கா. கட்டில் வந்தால் பெயின்ற் அடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ எண்டு சொல்லியிருக்கிறா. முப்பதாயிரம் தருவா. கடன் வைக்கிறேல்லை."

"பில்?"

"மச்சானின்ரை தளபாடக் கடையின்ரை பில். வெறும் பில்தான் குடுக்கிறனான். அவ எவ்வளவு எழுதிறா எண்டு நான் பாக்கிறேல்லை."

அந்த அக்கா எழுதிய தொகை பிரகலாதனுக்குத் தெரியும். அருகணையின் கோப்பில் ஒவ்வொரு புதுக்கட்டிலும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"பேர் என்ன?"

"கேக்கேல்லை. 'கட்டிலக்கா' எண்டு போனிலை போட்டு வைச்சிருக்கிறன்."

அவர் இலக்கத்தை வாசித்தார். பிரகலாதன் தன் தொலைபேசியில் ஒவ்வொன்றாக அழுத்தினார். கடைசி இலக்கத்தை அழுத்த முன்னமே திரையில் ஒரு பெயர் தானாக வந்து நின்றது. ஏற்கெனவே அவரிடம் இருந்த இலக்கம். காலையில் கூட அதற்கு எடுத்திருந்தார்.

கனகாம்பிகை மிஸி.

றெஜினா எட்டிப் பார்த்தாள். அன்று முதல் தடவையாக அவளிடம் பகிடி இருக்கவில்லை.

அவர்கள் புத்தூருக்குத் திரும்பியபோது கனகாம்பிகை முன்னறையில் தனியே இருந்தார். கதிரையின் ஒரு கை உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. கஜந்தினி யன்னலோரம் நின்று பையில் பஞ்சும் துணியும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுன்னாகத்துக்குப் போனனீங்களாம்" என்றார் கனகாம்பிகை. "கிறிஸ்துநாயகம் கோல் எடுத்தவர்."

"கட்டிலைக் கண்டுபிடிச்சிட்டம் மிஸி. காசைத்தான் காணேல்லை. ஒரு கட்டிலுக்கு எண்பதாயிரம். எங்கை?"

கனகாம்பிகை யன்னல் பக்கம் கையைக் காட்டினார். "உங்கை நிக்குது."

கஜந்தினி நிமிர்ந்தாள்.

"அவளின்ரை சம்பளம். மற்ற இரண்டு பிள்ளையளின்ரை சம்பளம். பெற்றோல். லண்டனுக்கு எத்தினை தரம் எழுதினன், சம்பளத்துக்குத் தாங்கோ எண்டு. சம்பளத்திலை தகடு அடிக்கேலாது தானே தம்பி. கட்டில் எண்டு கேட்டால் ஒரு கிழமைக்குள்ளை காசு வரும்."

"எப்ப தொடங்கினது?"

"ஒருக்கால் சுன்னாகத்திலை எங்கடை கட்டிலைக் கண்டன். எங்கடையெண்டு சொல்ல வெக்கமா இருந்தது. விலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தன். அந்தக் கிழமைதான் புதுக்கட்டிலுக்கு எண்டு காசு வந்தது. சம்பளம் குடுக்காமல் இரண்டு மாசம்." அவர் தோளைக் குலுக்கினார். "நான் ஒரு சதமும் எடுக்கேல்லை."

"தெரியும். எடுத்திருந்தால் உந்தக் கதிரையை மாத்தியிருப்பியள். முப்பத்தொண்டு கழியப் போ எண்டு இந்தப் பிள்ளைக்குச் சொன்னது?"

"முதல் மரியாதைக்குத்தான் சொன்னனான். பிறகு... கட்டில் திரும்பி வந்தால் சம்பளக் காசு வராது."

அவர் கதிரையின் கயிற்றை இழுத்து இறுக்கினார்.

"பொய்ப்பில் பொய்ப்பில்தான்" என்றார் பிரகலாதன். "எழுதத்தான் போறன்."

"எழுதுங்கோ."

"அது ஒரு கதை. இரண்டு கிழமையா இவளைக் கள்ளி எண்டினம். நீங்கள் உந்தக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தியள். அது வேறை கதை."

கனகாம்பிகை மடியில் இருந்த கைகளைப் பார்த்தார். "சொன்னால் எல்லாம் நிண்டிடும். நீர்வேலியிலை ஒருத்தர் பாயிலை கிடந்து முதுகு அழுகுது. அவரைப் போலை எத்தினை பேர்."

"அதுக்காக ஒராளைக் குடுக்கலாம் எண்டு யோசிச்சியள்."

"பொலிஸ் வரைக்கும் போகமாட்டார் எண்டு யோசிச்சன்."

"இப்ப வெளிக்கிட்டிருப்பார்."

கனகாம்பிகை தொலைபேசியை எடுத்துச் சுதாகரனை அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார். நாற்பது வருடம் கெட்ட செய்தி சொல்லிப் பழகியவர்.

"அன்ரி, நான் பொலிஸ் ஸ்ரேசன் வாசலிலை நிக்கிறன். அறிக்கை வந்திட்டுதோ?"

"உள்ளை போகாதேங்கோ தம்பி. கஜந்தினி ஒண்டும் எடுக்கேல்லை. செத்தவீட்டுக்காரர் கட்டிலைக் கீரிமலையிலை தானம் குடுத்தவை. அதுகளைத் திருப்பி வாங்கி, உங்களுக்குப் புதுசெண்டு பில் காட்டினது நான்."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்ப அம்மாவின்ரை கட்டில்?"

"கொட்டிலிலை நிக்குது."

"புதுசோ?"

"இல்லைத் தம்பி."

அதற்குப் பிறகு அவர் கத்தினார். நம்பிக்கைத் துரோகம் என்றார். எல்லாவற்றையும் நிறுத்துவேன் என்றார். முறைப்பாட்டைக் கனகாம்பிகையின் பெயரில் எழுதுவேன் என்றார். "எழுதுங்கோ, முழுப்பேரும் சொல்லுறன்" என்றார் கனகாம்பிகை. பிரகலாதன் குனிந்து தொலைபேசிக்குக் கிட்டப் போனார்.

"சுதாகரன், பிரகலாதன் கதைக்கிறன். மூண்டு நேர்ஸ்மார் வருசக்கணக்கா இஞ்சை வேலை செய்யினம். நீங்கள் சம்பளத்துக்கு ஒரு சதம் அனுப்பேல்லை. அவையள் எதைச் சாப்பிடினம் எண்டு உங்கடை கூட்டத்திலை ஆரும் கேட்டதோ? பில்லையும் எழுதுவன். இதையும் எழுதுவன்."

"நீங்கள் எங்கடை காசிலை வேலை செய்யிற ஆள்."

"ஓம். அதுதான் ஒழுங்காச் செய்யிறன். இனி மிஸி செக்கிலை கையெழுத்து வைக்கக் கூடாது, அதுவும் அறிக்கையிலை இருக்கும். சம்பளத்துக்குக் காசு தராட்டில் மையத்தைப் பூட்டுங்கோ, அதுவும் இருக்கும். ஆனா அந்தப் பிள்ளையின்ரை பேரோடை நீங்கள் ஸ்ரேசனுக்குள்ளை போனால், முதல் சாட்சி நான். உங்களுக்கு எதிரா."

"உள்ளை போகேல்லை" என்றார் சுதாகரன் கடைசியில். "அறிக்கையை அனுப்புங்கோ. கூட்டத்திலை வைப்பம்." தொலைபேசி அணைந்தது.

கூட்டம் என்ன முடிவெடுக்கும் என்று பிரகலாதனுக்குத் தெரியாது. பாதிப்பேர் தங்கள் தாய் தகப்பனின் தகடுகளைத்தான் கேட்பார்கள். மீதிப்பேரில் ஒருவராவது சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாம். கேட்காமலும் விடலாம்.

"அறிக்கையிலை எழுதுங்கோ அண்ணை" என்றாள் றெஜினா, கொஞ்சம் மெதுவாக. "இனி எட்டாம் நாள் கிரியையிலையே போய்க் கட்டிலைக் கேக்கச் சொல்லி. அண்டைக்குப் போனால் சாப்பாடும் கிடைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

கஜந்தினி பையின் சிப்பை இழுத்து மூடினாள். தோளில் போட்டாள். கதவு வரை போய்த் திரும்பினாள்.

"மிஸி, இந்த மாசச் சம்பளம் எந்தக் கட்டில்?"

கனகாம்பிகை தலையை நிமிர்த்தினார். "கொட்டிலிலை நிக்கிறது."

"சுதாகரன் சேரின்ரை அம்மாவின்ரை?"

"ஓம்."

கஜந்தினி றெஜினாவைப் பார்த்தாள். "அக்கா, ஒரு பக்கம் பிடியுங்கோ. றோட்டாலை லான்ட்மாஸ்ரர் ஒண்டை மறிப்பம். நீர்வேலிக்கு ஏத்த வேணும்."

"விசாரணை முடியேல்லையே பிள்ளை" என்றார் கனகாம்பிகை.

"எனக்கு முடிஞ்சுது மிஸி." அவள் கொட்டிலுக்குள் போனாள். கட்டிலின் கால் சீமெந்தில் இழுபடும் சத்தத்துக்கு மேலாக அவள் குரல் வந்தது. "நீர்வேலி ஐயா செத்தால் அடுத்த நாளே போவன். அழுதுகொண்டு நிண்டாலும் கேப்பன். திட்டினாலும் தூக்கிக்கொண்டுதான் வருவன்."